உப்பில்லாத ஏரி

எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக்குச் சுற்றுலாக்காரர் வீடு என்று ஒரு பேர் உண்டு. குற்றாலம், பாபநாசம், முண்டந்துறை, பேச்சிப்பாறை, கொடைக்கானல், தேக்கடி என்று நாங்கள் போகாத மலை இல்லை, நிற்காத அருவி இல்லை. தூத்துக்குடியில் வெங்காய மண்டி வைத்திருந்த மனுஷனுக்கு இத்தனை ஊர் சுற்ற எப்படி மனசு வந்தது என்று இன்றும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வந்தது. நானும் கூடவே சுற்றினேன். அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால்தான் சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் என் வீட்டுச் சமாசாரத்தை இன்னொருத்தர் கையில் கொடுத்து எழுதி வாங்க எனக்குச் சம்மதம் இல்லை. மெதுவாகத்தான் வரும். வரட்டும்.

எங்கள் வீட்டுக்காரர் இந்த ஊர்சுற்றலுக்கு முன்னால் வெங்காயத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க பஸ் ஏறியவர் இல்லை. ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம் சந்தைகளுக்குப் போவார், சரக்கைப் பார்ப்பார், திரும்பி வருவார். அங்கேயிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம். சாரல் காலத்தில் தூத்துக்குடியே அங்கே போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும். இவர் மட்டும் மலையைப் பஸ் ஜன்னலில் பார்த்துவிட்டு வந்துவிடுவார். "தண்ணி மேலருந்து விழுது. அதுக்குப் போயி என்னத்தப் பாக்க?" என்பார். அவருடைய தகப்பனார் உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து கருப்பட்டிச் சிப்பத்தோடு வந்து இறங்கி உண்டாக்கிய மண்டி அது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர பூட்டினதில்லை.

எங்களுக்கு ஒரே மகன். ஒன்றோடு போதும் என்று நாங்கள் நினைக்கவில்லை, கடவுள் நினைத்தார்.

அப்போதெல்லாம் எங்கள் சின்ன வெங்காயம் தோணியில் கொழும்புக்குப் போகும். பாய் கட்டின பெரிய மரத் தோணி. பழைய துறைமுகத்தில் வரிசையாக நிற்கும். ஊருக்குத் தெற்கே புதுத் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் வந்து கட்டத் தொடங்கியிருந்த சமயம்தான், ஆனாலும் வெங்காயத்துக்குத் தோணிதான். ஒவ்வொரு மண்டிக்காரரும் தன் சாக்கில் தன் மார்க்கைக் கருப்பு மையால் போட்டு அனுப்புவார்கள். எங்கள் மார்க்கு ஒரு வேல், அதன் இரண்டு பக்கமும் ஒரு புள்ளி. செந்தூர் முருகன் வேல். அதைப் பார்த்தால் கொழும்பில் மூட்டையை அவிழ்க்காமலே எடுத்துக்கொள்வார்கள் என்று இவருக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு.

என் மகனுக்குக் கல்யாணம் ஆகி, தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தான். வந்த வேகத்தில், கொழும்பில் சரக்கு வாங்குகிறவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்று தோணியில் தானே சரக்கோடு புறப்பட்டான். தோணிக்காரர்களுக்கு அது பிடிக்காது. வியாபாரி வீட்டுப் பிள்ளை ஏறினால் வாந்தியெடுத்தே கடலை நாறடிப்பான் என்று சிரித்தார்கள். இவன் போன அன்று படகுத்துறையில் குனிந்து கடல் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். சின்ன வயசிலிருந்தே அந்தப் பழக்கம். கடலைப் பார்த்தால் ஒரு துளி வாயில் வைக்காமல் வரமாட்டான். துறைமுகத்துப் பிள்ளைகளோடு திரிந்து படித்தது. "இன்னைக்கும் உப்பாத்தான் இருக்காம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினான்.

அந்த வாரமே காற்று மாறிப் புயல் அடித்தது. சில தோணிகள் பாய் கிழிந்து வந்தன. சில, பாய்மரம் ஒடிந்து இராமேசுவரம் பக்கம் ஒதுங்கின. எங்கள் தோணி வரவில்லை. ஆள் வரவில்லை, பலகை வரவில்லை, ஒரு கயிறு வரவில்லை.

சாவு வீடு என்றால் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அழ வேண்டியவர்கள் அழுவார்கள், தூக்க வேண்டியவர்கள் தூக்குவார்கள், பதினாறாம் நாள் எல்லாரும் சாப்பிட்டுப் போவார்கள். உடம்பைப் பார்க்காத வீட்டுக்கு அது கிடையாது. ஆள் காணாமல் போனால் பன்னிரண்டு வருஷம் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கருமாதி என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதுவரை மருமகள் தாலியோடும் பொட்டோடும் இருக்க வேண்டும். அவளுக்கு அப்போது இருபதுகூட ஆகியிருக்காது.

தை மாதம் அவளுடைய அப்பா வந்தார். நல்ல மனுஷன். வெளியே செருப்பைக் கழற்றி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார், நாற்காலியில் உட்காரவில்லை. எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து, "மச்சான், ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. இருக்காருன்னா இருக்காருன்னு சொல்லுங்க, எம்பொண்ணு காத்துக்கெடக்கட்டும். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. தாலிய அறுத்துட்டு நான் கூட்டிட்டுப் போறேன். நம்மள்ல முன்னால அறுத்துக் கட்டுனவங்க இல்லையா? வேற எடம் பாக்கேன்" என்றார்.

"பன்னெண்டு வருசம் இருக்கே" என்றார் இவர்.

"பன்னெண்டு வருசம் கழிச்சு அவளை யாரு மச்சான் கட்டுவா?"

சம்பந்தி காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். மருமகள் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இருக்கிறானா, இல்லையா, அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் மூன்று பேருக்கும் வேண்டியிருந்தது. அவனுக்காக நானும் கேட்டேன், அவளுக்காகவும் கேட்டேன். எது முதலில் என்று எனக்கே தெரியாது.

சித்திரையில் பள்ளிக்கூட லீவுக்கு எங்கள் தெருவில் பாத்திரக்கடைக்காரர் வீட்டம்மா சம்பந்தி வீட்டோடு தேக்கடிக்குப் போய்விட்டு வந்தாள். அவள் என்னை மைனி என்பாள். வந்த மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மைனி, நான் ஒண்ணு சொல்லுதேன். அண்ணாச்சிகிட்ட இப்பமே சொல்லிராதிய."

"சொல்லு."

"அங்கன ஏரியில போட்டு உடுதாவ. அந்தப் போட்டுல கயிறு எடுத்துப் போடுத ஆளு ஒருத்தன். மொகத்த நல்லாப் பாக்கல, மைனி, துண்டைத் தலையோட சுத்தியிருந்தான். ஆனா முதுகு அப்பிடியே உங்க பிள்ள முதுகு. சரி, முதுகு எல்லாத்துக்கும் ஒண்ணுதான்னு நெனச்சேன். போட்டு கெளம்பும்போது அவன் குனிஞ்சு தண்ணியத் தொட்டு நாக்குல வச்சான். ஏரித் தண்ணிய எவன் மைனி சொவச்சுப் பாப்பான்?"

நான் அன்று ராத்திரி வரை வைத்திருக்கவில்லை. இவர் மத்தியானம் சாப்பிட வந்தபோதே சொன்னேன். பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அப்புறம் அந்தச் சோற்றைச் சாப்பிட்டார், முழுவதும் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு, "தலையில அடிபட்டா ஆளுக்குப் பேரு ஊரு மறந்து போவுமாம்" என்றார். யாரிடம் எப்போது கேட்டு வைத்திருந்தாரோ.

வைகாசி தொடங்கினால் கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து அடிக்கும், தோணிகள் கரையில் கிடக்கும், மண்டியில் வேலை குறையும். அந்தச் சமயம் பார்த்து எங்கள் தெரு வியாபாரிகள் வேன் பிடித்துக் குடும்பத்தோடு தேக்கடி, சுருளி அருவி என்று போக ஏற்பாடு செய்தார்கள். இவர் தானாகப் போய், "எங்க மூணு பேருக்கும் எடம் போடுங்க" என்றார். தெருவே வாயைப் பிளந்தது.

"அண்ணாச்சி மண்டியப் பூட்டுதாவளா? அப்போ மழை வரும்" என்றார் துணிக்கடைக்காரர்.

"வராட்டி நீரு அருவியில குளிக்க முடியாது வே. எனக்காவத்தான் வரணும்" என்றார் இவர். புயலுக்குப் பிறகு அவர் ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

மருமகளிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரக்கடைக்காரியும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அது எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மாற்றத்துக்காகக் கூட்டிப் போகிறோம் என்றுதான் சொன்னோம். அவள், "சரி அத்தை" என்றாள். புறப்படுகிற அன்று தலைதீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். வேனில் கசங்குமே என்று நான் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

வேனில் ஒரே கும்மாளம். புளியோதரையும் கருப்பட்டி மிட்டாயும் கைமாறிக்கொண்டே போயின. தேனி தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை வந்து நின்றது. நாங்கள் தட்டையான ஊர்க்காரர்கள். எங்கள் ஊரில் உயரமாக நிற்பது மாதா கோயிலும் உப்பளத்து அம்பாரமும்தான். இவர் மலையைப் பார்க்காமல் கீழே வயலைப் பார்த்து, "இங்கயும் வெங்காயம் போட்டுருக்கான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கை மட்டும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடியே இருந்தது. ஊர் சேருகிற வரை விடவில்லை.

குமுளியில் இறங்கினால் குளிர் எலும்பைப் பிடித்தது. மிளகும் ஏலக்காயும் ஈரமும் கலந்து ஒரு வாசனை. பாத்திரக்கடைக்காரியின் கையிலிருந்த கருப்பட்டி மிட்டாயை ஒரு குரங்கு பொட்டலத்தோடு பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறியது.

"ஏளா, கொரங்குக்கும் உடன்குடிச் சரக்குன்னு தெரியுது பாரு" என்றார் அவள் புருஷன்.

"தெரியாம என்ன? உங்க சொந்தம்தான" என்றாள் அவள்.

ஏரி காட்டுக்குள் இருந்தது. தண்ணீர் நகரவில்லை. அலை இல்லை, இரைச்சல் இல்லை, கவிச்சி வாடை இல்லை. தண்ணீருக்கு நடுவில் செத்த மரங்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. இலை இல்லை, பட்டை இல்லை, கறுத்த கட்டைகள். அணை கட்டித் தண்ணீர் ஏறினபோது முங்கின காடு அது என்று ஒருவர் சொன்னார். செத்து எத்தனையோ காலம் ஆகியும் விழாமல் நிற்கிறது. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து, ஈரத்துணியைக் காயப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தன. எல்லாரும் அழகு அழகு என்றார்கள். எனக்கு அது அழகாகத் தெரியவில்லை. கடலுக்கு ஒரு மரியாதை இருக்கிறது, கொன்றதைக் கண்ணில் காட்டாது. இந்தத் தண்ணீர் கொன்றதை எல்லாம் நிறுத்தி வைத்திருந்தது.

முதல் நாள் சாயந்திரம் மழைத் தூறல். படகு கிடையாது என்றுவிட்டார்கள். இவர் துறையிலேயே குடையோடு நின்றார். அங்கிருந்த ஒவ்வொரு ஆளின் முகத்தையும், வெங்காயத்தைச் சாக்கில் கைவிட்டு எடுத்துப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். அவன் இல்லை. கயிறு எடுத்துப் போடுகிற ஆள் காலையில்தான் வருவான் என்று ஒருவன் சொன்னான்.

மறுநாள் காலை மழை வெறித்திருந்தது. நாங்கள் முதல் படகுக்கே போனோம். படகு வந்து கட்டியது. துண்டைத் தலையோடு சுற்றிய ஒருவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தான். பாத்திரக்கடைக்காரி என் இடுப்பில் கிள்ளினாள். பொய் சொல்ல மாட்டேன், அது என் பிள்ளையின் முதுகுதான். தோளெலும்பு வெளியே தெரிகிற அதே முதுகு. அவன் குனிந்தான். தண்ணீரைத் தொட்டான். நாக்கில் வைத்தான்.

பிறகு திரும்பினான்.

நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். மேலுதட்டில் ஒரு பழைய தழும்பு. எங்களைப் பார்த்து, "ஏறுங்க, ஏறுங்க, பாத்து ஏறுங்க ஆத்தா" என்று கையைக் கொடுத்தான். நான் அந்தக் கையைப் பிடித்துத்தான் ஏறினேன். வேறு என்ன செய்ய?

படகு போனது. வழிகாட்டி, சத்தம் போடாதீர்கள், மிருகங்கள் ஓடிவிடும் என்றான். எங்கள் தெருப் பெண்கள் சத்தம் போடாமல் இருந்து நான் பார்த்ததில்லை. தூரத்துக் கரையில் காட்டெருமைகள், பிறகு பன்றிகள். ஒரு வளைவு திரும்பியதும் யானைகள். மழைக் காலத்தில் யானை வராது என்று சொல்லியிருந்தார்கள், வந்து நின்றன. ஒரு பெரிய யானையின் காலுக்குள் ஒரு குட்டி.

"திருச்செந்தூர் யானைக்கு துட்டு குடுக்கணும். இது சும்மாவே காட்டுது" என்று யாரோ சொன்னார்கள்.

இவர் யானையைப் பார்க்கவில்லை. கயிற்றுச் சுருள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மருமகளைப் பார்த்தேன். அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் குட்டியைப் பார்த்தாள். குட்டி தண்ணீரில் துதிக்கையை விட்டுவிட்டு, எடுக்கத் தெரியாமல் தலையை ஆட்டியது. மருமகள் சிரித்தாள். புயலுக்குப் பிறகு நான் பார்த்த அவளுடைய முதல் சிரிப்பு. இவளை இவள் அப்பாவோடு அனுப்பிவிட வேண்டும் என்று அந்த இடத்தில்தான் எனக்குத் தீர்மானமாகத் தோன்றியது.

கரைக்கு வந்ததும் மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். இவர் அந்த ஆளைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"கீழவைப்பாரு பக்கம், அண்ணாச்சி. நீங்க தூத்துக்குடிதான? பேச்சுலயே தெரிஞ்சிட்டு." அவனுக்கு ஊர்க்காரர்களைப் பார்த்த சந்தோஷம். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"தண்ணிய எதுக்கு நாக்குல வச்ச?"

அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பாத்துட்டீயளா? அது எங்க கடக்கரையில எல்லாரும் செய்யதுதான் அண்ணாச்சி. தோணியில ஏறும்முன்ன ஒரு சொட்டு வாயில வைக்கணும், கடல் நம்மள வாயில வைக்காம இருக்கணும்னு. இங்க உப்பே கெடையாது. தெரிஞ்சாலும் கை கேக்க மாட்டேங்கு."

"கடலை விட்டுட்டு இங்கன எப்பிடி வந்த?"

அவன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னான். போன தீபாவளி கழிந்து அவன் ஒரு தோணியில் கொழும்பிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தான். புயல் பிடித்தது. பாய்மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு மாதாவே கதி என்று கிடந்தார்கள். "காத்து அடங்கின மறுநாள் விடிஞ்சா, கடல் செவப்பாக் கெடக்கு அண்ணாச்சி. ரெத்தமோன்னு நெனச்சு எல்லாரும் சிலுவை போட்டோம். கிட்டப் போயிப் பாத்தா வெங்காயம். சின்ன வெங்காயம். கண்ணு எட்டுத மட்டும் மெதக்கு. எங்க தோணி அதுக்குள்ளதான் வந்துச்சு. பலகையில மோதி டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு அப்பறம் எனக்குக் கடல்ல தூக்கம் வரல. மலைக்கு வந்துட்டேன்."

நான்தான் கேட்டேன். "இத ஏன் கரையில வந்து சொல்லல?"

"ஆளப் பாக்காம, ஆளு போயிட்டான்னு சொல்லப்படாது ஆத்தா. எங்க வழக்கம் அது. நாங்க வெங்காயத்தத்தான் பாத்தோம்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான், இவர் முகத்தைப் பார்த்தான். கயிறு சுற்றின கை நின்றுவிட்டது. "உங்க தோணியா?"

"எம்மவன் அதுல போனான்" என்றேன்.

அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

இவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். மண்டியில் பேசுகிற அதே குரல். "சாக்கு மெதந்துச்சா?"

"ஒண்ணு ரெண்டு மெதந்துச்சு. கிழிஞ்ச சாக்கு."

"அதுல என்ன மார்க்கு?"

"மார்க்கு பாக்க யாருக்கு அண்ணாச்சி மனசு இருந்துச்சு? கருப்பா என்னமோ இருந்துச்சு."

"வேலா? ரெண்டு பக்கமும் புள்ளியா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டியிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பானோ என்னவோ. நான் ஆட்டவில்லை. "தெரியல அண்ணாச்சி. தெரியாதத எப்பிடிச் சொல்லுவேன்?"

"அப்பம் அது நம்ம சரக்குன்னு எப்பிடிச் சொல்ல முடியும்?" என்று இவர் என் பக்கம் திரும்பினார். "மார்க்கு தெரியாத சரக்க எவனும் எஞ்சரக்குன்னு சொல்ல மாட்டான். வெங்காயம் எல்லாம் செவப்புதான்."

அந்த வாரம் வெங்காயம் ஏற்றிப் போய்க் கரை சேராத தோணி எங்களுடையது ஒன்றுதான். அது தூத்துக்குடி மண்டிக்காரர் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். வாழ்நாள் முழுவதும் சாக்கின் மேல் இருக்கிற மார்க்கை நம்பிச் சரக்கு விற்ற மனுஷன், சாக்கைக் காட்டு என்று கேட்டார். அந்தக் கடைசிச் சாக்கைக் கடல் அவருக்குக் கொடுக்கப்போவதில்லை.

திரும்பினால் பின்னால் மருமகள் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவள் அந்த ஆளைப் பார்த்து, "டொக்கு டொக்குன்னா?" என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வேன் கம்பம் வழியாகத் திரும்பி, சுருளி அருவியில் நின்றது. நல்ல தண்ணீர். எங்கள் தெருக்காரர்கள் குழந்தைகள் மாதிரிக் கத்திக்கொண்டு ஓடினார்கள். அங்கே கொஞ்சம் தள்ளிச் சில குடும்பங்கள் எள்ளும் பிண்டமும் வைத்துத் திதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அருவிக்கு அப்படியும் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் கும்மாளம், ஒரு பக்கம் பிதிர்க்கடன். இவர் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மருமகள் அந்தத் தலைதீபாவளிச் சேலையோடேயே தண்ணீருக்குள் போனாள். மற்றப் பெண்களோடு நிற்கவில்லை. தனியாக ஒரு ஓரத்தில் நின்று, தலையில் தண்ணீர் விழ விழ, மூன்று தடவை முங்கி எழுந்தாள். எண்ணெய் இல்லை, மஞ்சள் இல்லை. அப்படி யார் முழுகுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள் முழுகுவார்கள்.

என்னிடம் வந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை, கழுவிப் போயிருந்தது. "அத்தை, நான் முழுகிட்டேன்" என்றாள்.

நான், "சரி மக்கா" என்றேன். அவள் தலையைத் துவட்டினேன்.

இவர் எழுந்து கடைப்பக்கம் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு குங்குமப் பொட்டலம். அவளைப் பார்க்காமல் என்னிடம் நீட்டினார். "ஏளா, பிள்ளைக்கு நெத்தி வெறுசா இருக்கு. வச்சு விடு."

"நான் வைக்க மாட்டேன்" என்றேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவர் பேச்சுக்கு நான் மறுத்துச் சொன்னது அன்றைக்குத்தான். சொன்னதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

அவர் நீட்டின கையோடு நின்றார். அருவி இரைச்சலில் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. துணிக்கடைக்காரர், "அண்ணாச்சி, குளிக்க வரலையா?" என்று தண்ணீருக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

மருமகள்தான் அந்தப் பொட்டலத்தை வாங்கினாள். பிரித்து, விரலால் எடுத்து, கண்ணாடி இல்லாமலே சரியாக நடுவில் வைத்துக்கொண்டாள். "மாமா உசுரோட இருக்க மட்டும் வச்சுக்கிடுதேன் அத்தை" என்று என் காதில் மட்டும் சொன்னாள். இரக்கத்தில் சொன்னாளா, வெறுப்பில் சொன்னாளா? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைக் கேட்டதில்லை.

ஆவணியில் அவளுடைய அப்பா மறுபடி வந்தார். தேக்கடியில் கேட்டதையெல்லாம் நான் மறைக்காமல் சொன்னேன். கூட்டிப் போங்கள் என்று நானே சொன்னேன். இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மருமகள் வந்து, "நீங்க போங்கப்பா. நான் இங்கனயே இருக்கேன்" என்றாள். அவர் அழுதார். நல்ல மனுஷன், சொன்னேனே. பிறகு ரொம்ப நாள் இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் சுற்றுலாக்காரர் வீடு ஆனோம். வருஷா வருஷம் கச்சான் காற்று தொடங்கினால் இவர் மண்டிச் சாவியை மருமகளிடம் கொடுத்துவிட்டுப் பையை எடுப்பார். எங்கே படகு இருக்கிறதோ அங்கே. முண்டந்துறையில் புலி இருக்கிறது என்று எல்லாரும் காட்டைப் பார்த்தார்கள், இவர் காரையாறு அணையில் படகு கட்டுகிற ஆளைப் பார்த்தார். பாணதீர்த்தம் அருவி பால் மாதிரிக் கொட்டியது. அதன் கீழே முதுகைக் காட்டி நிற்கிறவர்கள் திரும்புகிற வரை காத்திருந்தார். கொடைக்கானல் ஏரியில் மஞ்சு இறங்கி ஒன்றும் தெரியாமல் போன அன்று, "கொஞ்சம் இருப்பம், வெறிக்கட்டும்" என்று ஸ்வெட்டர்கூட இல்லாமல் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் தெரிந்த நான் ஏன் கூடவே போனேன் என்றால், இல்லாத ஒருவனைத் தேடிப் போகிற ஆளைத் தனியாக அனுப்ப முடியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்குவார். "நல்லாருந்துச்சா அண்ணாச்சி?" என்று தெருவில் கேட்பார்கள். "நல்ல எடம்" என்பார். மருமகள் ஒரு தடவைகூட எங்களோடு வரவில்லை. மண்டியைப் பார்த்துக்கொண்டாள். சாக்கில் வேலும் இரண்டு புள்ளியுமாக அந்த மார்க்கை அவளே போட்டாள்.

பன்னிரண்டு வருஷம் வந்தது, போனது. கருமாதி என்று நான் ஒரு தடவை வாயெடுத்தேன். இவர் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டார். பிறகு நான் எடுக்கவில்லை.

இவர் போனதும் ஒரு கச்சான் காலத்தில்தான். பை கட்டி வைத்திருந்தது. சடங்கன்று என் தாலியைக் கழற்றி வாங்கப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள், பால் வைத்த கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். மருமகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் காதோரம் நரைத்துவிட்டிருந்தது.

"ஏளா, நீ எதுக்கு இங்கன உக்காருத? அந்தப் பக்கம் போ" என்றாள் பாத்திரக்கடைக்காரி.

"எனக்கு அன்னைக்கே ஆயிட்டு சித்தி. மாமாவுக்காவக் கெடந்துச்சு" என்றாள். தானே கழற்றினாள். என்னுடையது விழுந்த கிண்ணத்திலேயே போட்டாள். நெற்றியை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பெண்கள் எனக்காக அழுதுகொண்டிருந்தார்கள். அவளுக்காக எப்படி அழுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

இப்போது அவளை எங்கே அனுப்ப? அவளுக்கு அப்பா இல்லை, வயசு இல்லை. நானும் அவளும் இருக்கிறோம். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றுவதை விட்டு ரொம்ப காலம் ஆயிற்று, சில்லறைக்குத்தான் விற்கிறோம்.

போன கச்சான் காலத்தில் தெருக்காரர்கள் வேன் பிடித்தார்கள். துணிக்கடைக்காரர் மகன் வாசலில் வந்து, "பாட்டி, தேக்கடிக்குப் போறோம். சுற்றுலாக்காரர் வீட்ல வராம எப்படி? யானையெல்லாம் பாக்கலாம்" என்றான். நான் மருமகளைப் பார்த்தேன். அவள் முறத்தில் வெங்காயத்தைப் பரப்பி அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"நாங்க பாத்தாச்சு" என்றாள்.